சீட் கவர் அக்காவும் ஒரு டிஸ்ட்ரிபியூட்டரும்

கார் கதவைத் திறந்தால் மற்றவர்கள் ஏறி உட்காருவார்கள். சீட் கவர் அக்கா உட்கார மாட்டார். முதலில் குனிந்து, சீட்டின் ஓரத் தையலைக் கட்டைவிரலால் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை தடவிப் பார்ப்பார். ஒரு தையல் தாண்டியிருந்தாலும் விரல் அங்கே நின்றுவிடும். "இங்க யாரோ அவசரத்துல இருந்திருக்காங்க" என்பார். வாடகைக் காரோ, வங்கி மேலாளரின் புதுக் காரோ, தடவிப் பார்த்த பிறகுதான் ஏற்றம். வயிற்று வலியில் துடித்த ஒரு நாள், கூட்டிப்போக வந்த ஆம்புலன்ஸின் படுக்கை உறையையும் அவர் தடவிப் பார்த்ததாகக் கணவர் சத்தியம் செய்கிறார். அக்கா அதை மறுப்பதில்லை. "அந்த உறை ரெட்டைத் தையல். நல்லா இருந்துச்சு" என்கிறார்.

உதிரிபாகக் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில், ஒரே ஒரு ஷட்டர் அகலத்தில் அவர் கடை. சுவரோரம் ரெக்சின் சுருள்கள், கூரை வரை அடுக்கிய பஞ்சுப் பலகைகள், நடுவில் ஒரு பெரிய தையல் மெஷின். கணவரின் பழைய காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுத்தான் வேலை. காலர் முழுக்க ஊசி குத்தியிருக்கும். பாசத்தோடு கட்டிப்பிடிக்க நினைக்கிறவர்கள் யோசித்துத்தான் வர வேண்டும். காதில் சாக்பீஸ் துண்டு. பேசும்போதெல்லாம் பற்களுக்கிடையில் ஒரு நூல் முனை இருப்பதால், "வாங்க, உக்காருங்க" என்று அன்பாகச் சொன்னாலும் திட்டுவது போலவே இருக்கும். புதிதாக வருகிறவர்கள் பயந்துபோய் உட்கார்ந்துவிடுவார்கள்.

அந்த மெஷினைப் பழுது பார்க்க வெளியாள் யாரும் வந்ததில்லை. வர விடுவதும் இல்லை. ஊசி கீழே போய்விட்டு மேலே கிளம்பும் கணத்தில், அடியில் இருக்கும் கொக்கி வந்து நூலைப் பிடித்தாக வேண்டும். கொஞ்சம் பிந்தினால் தையல் தாண்டும். கொஞ்சம் முந்தினால் நூல் அறும். அந்த நேரத்தைச் சரிசெய்ய அக்காவுக்குக் கண்கூட வேண்டாம், மெஷினின் சத்தம் போதும். "மெஷினுக்குப் பலம் எதுக்கு? நேரம் தெரிஞ்சா போதும்" என்பார். பக்கத்துச் சக்கரத்தை எப்போதும் தன் பக்கமாகச் சுற்ற வேண்டும், மறுபக்கம் சுற்றினால் நூல் சிக்கும் என்பது தையல்காரர்களின் முதல் பாடம். இத்தனை வருடத்தில் அது அவர் கையோடு ஊறிப்போய்விட்டது. டீயில் சர்க்கரை கலக்குவதுகூட அந்தச் சுற்றுத்தான்.

அக்காவுக்கென்று ஒரு பழைய வண்டி உண்டு; அது அவரிடம் வந்து சேர்ந்த கதை அவர் குணத்துக்கு ஏற்றது. அறுபது வயதைத் தாண்டிய சின்னக் கார் அது. உருண்டை விளக்குகள், இரண்டே கதவு, வெளிறிய பச்சை நிறம். சொந்தக்காரர் சீட்டைப் புதுசாகத் தைத்துத் தரச் சொல்லிக் கொண்டுவந்து விட்டார். அக்கா தைத்தார். வேலை முடிந்து, பின் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடியவருக்கு எழுந்திருக்க மனசு வரவில்லை. அடிக்கடி நடுத்தெருவில் படுத்துக்கொள்ளும் வண்டியை எப்படிக் கழற்றிவிடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்த சொந்தக்காரருக்கு அந்த முகமே போதுமானதாக இருந்தது. சீட்டைத் தைக்கப் போனவர் வண்டியையே வாங்கிவிட்டார் என்று தெரு முழுக்கப் பேச்சு. அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

காதில் போட்டுக்கொண்டவர் கணவர். அவர் டவுன் பஸ் ஓட்டுநர். வாரம் முழுக்க ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டிவிட்டு, விடுமுறை நாளில் வீட்டில் காலை நீட்டிக்கொண்டு கிடக்க ஆசைப்படும் நியாயமான மனிதர். அவரைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்து, ஞாயிறு தவறாமல் மேட்டுத் தெரு உச்சியில் இருக்கும் மாமியார் வீட்டுக்கு அக்கா கிளம்புவார். தெரு பாதி ஏறியதும், மருந்துக் கடைக்கு நேராக, வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிடும். கேட்காமலே மருந்துக் கடைக்காரர் கையை மடித்துக்கொண்டு இறங்கி வருவார். அவரோடு இன்னும் நாலு பேர். "நான் ஊரையே ஏத்திக்கிட்டுப் போறவன். என்னை ஊரு தள்ளிக்கிட்டுப் போகுது" என்று கணவர் முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொள்வார். பயணிகள் யாராவது பார்த்துவிட்டால் மறுநாள் பஸ்ஸில் தலைகாட்ட முடியாதே என்ற கவலை அவருக்கு.

தள்ளியும் ஏறாவிட்டால் கொழுந்தனுக்குப் போன் போகும். கணவரின் தம்பியான அவர் அக்காவின் கடைத் தெரு முனையில் சொந்தமாக ஒர்க்‌ஷாப் நடத்துகிறார். இழுவை வண்டியில் கயிற்றோடு வந்து, அண்ணியின் காரை மேலே கொண்டுபோய்ச் சேர்ப்பார். கெட்டவர் இல்லை, கெட்டிக்காரர். புது வண்டி எதுவானாலும் கம்ப்யூட்டரைச் சொருகிக் கோளாறைச் சொல்லிவிடுவார். இந்த வண்டியிடம் மட்டும் அவர் பாச்சா பலிக்கவில்லை. "இதுல சொருகறதுக்கு ஓட்டையே இல்லையே, அண்ணி!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். பெட்ரோல் வரும் வழியையெல்லாம் துடைத்துப் பார்த்தார். டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து, உள்ளே தொட்டும் விலகியும் பொறியை உண்டாக்கும் பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்துவிட்டார். தேய்த்தால் சில நாள் ஓடும். பிறகு பழைய குருடி கதைதான். ஒவ்வொரு ஞாயிறும் கயிற்றோடு ஓடி வந்து அலுத்துப்போனவர் கடைசியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"இன்ஜினுக்கு வயசாயிடுச்சு, அண்ணி. இறக்கிடலாம். விபத்துல சிக்கின வண்டி ஒண்ணோட இன்ஜின் நம்ம ஷெட்ல இருக்கு. புதுசு மாதிரி. ஒரே வாரத்துல மாட்டித் தர்றேன்."

"அப்ப இது?"

"இதுவா? எடைக்குத்தான்."

அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. இதற்குக் காரணம் உண்டு. சின்ன வயதில் முதன்முதலாக வேலைக்குப் போன கடையில், தையல் தாண்டுகிறது என்று சொல்லி அவரை நிறுத்திவிட்டார்கள். அவர் கையில் குற்றமில்லை. கொடுத்த மெஷினில் ஊசித்தண்டு தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அடுத்து வந்த பெண்ணும் அதே மெஷினில் அதே போலத் தைத்து, அதே போல வெளியே போனாள். அந்த ஆத்திரம் இன்னும் அக்காவுக்கு ஆறவில்லை. அதனால் எதையாவது யாராவது 'உதவாது' என்று ஒதுக்கினால், அதன் பக்கத்தில் இருப்பது எதுவென்று பார்ப்பது அவர் வழக்கம். இந்த இன்ஜின் சமதளத்தில் ஓடும்போது எத்தனை சீராக ஓடுகிறது என்பது அவருக்குத் தெரியும். சும்மா நிற்கும்போது பானெட்டின்மேல் உள்ளங்கையை வைத்து, உறங்கும் பிள்ளையின் மூச்சைப் பார்ப்பது போலப் பார்த்திருக்கிறார். அதை எடைக்குப் போடுவதா?

"இன்னும் ஒரு ஞாயிறு குடுங்க, தம்பி. என்னன்னு நான் பாக்கறேன். அன்னைக்கும் மேட்டுல நின்னுச்சுன்னா மறுநாளே சாவியை உங்க கையில குடுத்துடறேன். அப்புறம் நீங்க என்ன வேணா பண்ணுங்க. வாயைத் திறக்க மாட்டேன்."

கணவர் சாட்சி. அக்கா வாயைத் திறக்கமாட்டார் என்பதை நம்ப முடியாமல் அவர் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

அன்றே கடை வாசலில் வண்டியை நிறுத்தி பானெட்டைத் தூக்கினார். டிஸ்ட்ரிபியூட்டர் என்பது ஒரு கைப்பிடி அளவு குடுவைதான். நாலு வீட்டுக்கு முறை வைத்துத் தண்ணீர் திறந்துவிடுகிறவரைப் போல, இன்ஜினின் நாலு சிலிண்டருக்கும் அதது முறை வரும்போது நெருப்புப் பொறியை அனுப்பி வைப்பது அதன் வேலை. மூடியைக் கழற்றி, நடுவில் சுழலும் தண்டை இரண்டு விரலால் பிடித்து அக்கா பக்கவாட்டில் அசைத்தார். ஆடியது. விழப்போகும் பல்லைப் போல ஆடியது. தண்டு ஆடினால் பாயிண்டின் இடைவெளி மாறிக்கொண்டே இருக்கும். பொறி ஒரு சுற்றில் முந்தும், ஒரு சுற்றில் பிந்தும். சமதளத்தில் இன்ஜின் அதைப் பொறுத்துக்கொள்ளும். மேட்டில் மூச்சைப் பிடித்து ஏறும்போது பொறுக்குமா? உப்புத்தாளால் தேய்த்து என்ன பயன்?

"ஊசித்தண்டு ஆடுதுன்னு சொன்னா ஒருத்தரும் கேக்கல, அப்பவும்" என்று நூலைக் கடித்துத் துப்பினார். அவர் எந்தக் கடையைச் சொல்கிறார் என்று கணவருக்குப் புரிந்தது, மற்றவர்களுக்குப் புரியவில்லை.

பாயிண்டே இல்லாத புது மாதிரி டிஸ்ட்ரிபியூட்டர், அதே இன்ஜினுக்கென்று செய்தது, பார்சலில் வந்தது. உள்ளே ஒரு காந்தம், ஒரு சின்னப் பெட்டி, அவ்வளவுதான். தேயவும் ஒன்றுமில்லை, தேய்த்துவிடவும் ஒன்றுமில்லை. கொழுந்தன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பழைய வண்டியில புதுசை மாட்டினா ஒரிஜினல்ங்கற பேரு போயிடுமே, அண்ணி."

"இன்ஜினையே இறக்கச் சொன்னீங்களே, அப்பல்லாம் ஒரிஜினல் எங்க போயிருந்துச்சு?"

கொழுந்தன் அதைப் பெட்டியிலேயே திரும்ப வைத்தார். அக்கா விடவில்லை. "பழசுன்னா கஷ்டப்பட்டுத்தான் ஓடணும்னு சட்டமா தம்பி? நான் கால்ல மிதிச்சா தைக்கிறேன்? மோட்டார் வச்சுத்தானே தைக்கிறேன்?"

சனிக்கிழமை மதியம் கடைக்கு அரை ஷட்டர் போட்டுவிட்டு வேலையில் இறங்கினார். முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் ஒரு வெட்டுத் துணியை உருட்டிச் செருகி, இன்ஜினைக் கையால் மெல்லச் சுற்றினார். உள்ளே காற்று இறுகி, 'டப்' என்று துணியைத் துப்பியது. பொறி விழ வேண்டிய நேரம் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். இன்ஜின் முனையில் சுழலும் கப்பியின் வெட்டுக்குறியை இன்ஜினில் இருக்கும் குறிக்கு நேராகக் கொண்டுவந்து, சாக்பீஸால் கோடு போட்டார். பிளக்கை மறுபடி மாட்டி, பழைய குடுவையை உருவி எடுத்துப் புதியதை இறக்கினார். பிளக் ஒயர்களும் புதியவை; ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் எண் போட்டார். ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்பது பொறி போக வேண்டிய வரிசை. அந்த வரிசை தப்பாமல், மூடியைச் சுற்றி ஒயர்களைச் செருகினார். காலர் தைப்பது போன்ற சுத்தமான வேலை.

டூட்டி முடிந்து அப்போதுதான் வந்த கணவர், கசங்காத சீருடையோடு பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். அக்கா சாவியைத் திருப்பினார். 'டமார்' என்றது. கரும்புகை ஒன்று கார்புரேட்டர் வாயிலிருந்து கிளம்பி, வேறு இடமே இல்லாதது போல, அவர் சட்டைமேல் போய் உட்கார்ந்தது. எதிர்க் கடையில் டயர் மாற்றிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். மறுபடி திருப்பினார். இன்ஜின் நொண்டிக்கொண்டே கொஞ்சம் ஓடி, இன்னொரு வெடி வெடித்து அடங்கியது.

"ஏம்மா, போதும்மா" என்றார் கணவர், சட்டையைப் பார்த்தபடி.

சத்தம் கேட்டு வந்த கொழுந்தன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட அக்காவுக்கு அத்தனை வலித்திருக்காது. "விடுங்க, அண்ணி. நீங்க செய்ய வேண்டியதைச் செஞ்சுட்டீங்க. இன்ஜின்தான் செத்துப்போச்சு. இறக்கிடலாம்" என்று தணிந்த குரலில் சொன்னார்.

அக்காவின் பற்களுக்கிடையில் நூல்கூட இல்லை. குறியை மறுபடி பார்த்தார், எண்களை மறுபடி படித்தார். ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு. எல்லாம் சரியாக இருந்தது. எல்லாம் சரியாக இருந்தும் ஓடவில்லை என்றால், அவர்கள் சொல்வதுதான் உண்மையா? முதன்முறையாக அவருக்குப் பயம் வந்தது. பயம் வந்தால் அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். உள்ளே போய், பாதியில் கிடந்த ஒரு பைக் சீட் உறையை எடுத்து ஊசிக்கடியில் வைத்தார். வலக்கை வழக்கம் போலச் சக்கரத்துக்குப் போனது. தன் பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றியது.

பாதிச் சுற்றில் கை நின்றது. அக்கா தன் கையையே உற்றுப் பார்த்தார். பிறகு எழுந்து ஓடினார். ஓடினார் என்றால் ஓடினார்தான். காலரிலிருந்து ஓர் ஊசி தெறித்து விழுந்தது.

"ஏங்க! சாவியை லேசா ஒரு திருப்பு திருப்புங்க. லேசா!"

மூடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். கணவர் திருப்பினார். உள்ளே தண்டின் தலையில் இருந்த ரோட்டர் அக்காவின் கை சுற்றும் பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கமாகச் சுற்றியது.

அக்கா சிரித்த சிரிப்பில் டயர்க் கடைக்காரர்கள் மறுபடி எழுந்துவிட்டார்கள். "என் கை பண்ணின வேலையப் பாருங்க! இது அந்தப் பக்கமா சுத்துது. நான் மெஷின் மாதிரி என் பக்கமா சுத்தும்னு நெனச்சு ஒயரைக் கோத்து வச்சிருக்கேன்! நெனைக்கக்கூட இல்ல, கை தானா கோத்துடுச்சு!"

ஒன்றும் நான்கும் எந்தப் பக்கம் சுற்றினாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். இடம் மாறியிருந்தது மூன்றும் இரண்டும் மட்டும். அந்த இரண்டு ஒயரையும் உருவி மாற்றிச் செருகினார். இரண்டு ஒயருக்காக ஓர் இன்ஜின் எடைக்குப் போக இருந்தது. மூடியை அழுத்தினார். சாவியைத் திருப்பினார்.

பிடித்துக்கொண்டது. இருமல் இல்லை, வெடி இல்லை. எங்கே நின்றிருந்தேன், ஏன் நின்றிருந்தேன் என்று கேட்பது போல இன்ஜின் பாட்டுக்கு ஓடத் தொடங்கியது. கணவர் வாயைத் திறந்தவர் திறந்தபடி நின்றார். கொழுந்தன் விடுவிடுவென்று போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று அக்கா நினைத்தார். போனவர் தன் ஒர்க்‌ஷாப்பிலிருந்து பொறி விழும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட்டைக் கொண்டு வந்தார். அவர் விளக்கைப் பிடிக்க, கப்பியின் குறி அதில் மின்னி மின்னித் தெரிய, அக்கா குடுவையைப் பிடித்து மெல்லத் திருப்பினார்.

"இன்னும் ஒரு நூல், அண்ணி."

"வேணாம் தம்பி. அரை நூல். கேளுங்க, இப்ப கேளுங்க."

கொழுந்தன் கேட்டார். விளக்கை அணைத்தார். "சரியா இருக்கு" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அக்கா இத்தனை வருடம் காத்திருந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. சொன்னவர் யார் என்பதுகூட அவருக்குப் பெரிதில்லை.

கடை வாசலில் ஓடுவது வேறு, மேட்டில் ஏறுவது வேறு. சாவியைப் பற்றிக் கொடுத்த பேச்சு பேச்சாகவே இருந்தது. ஞாயிறு காலை அக்கா ஸ்டியரிங்கில், பக்கத்தில் கணவர், கைக்குட்டை தயாராக. பின்னாலேயே கொழுந்தனின் இழுவை வண்டி. மேட்டுத் தெரு தொடங்கியதும் கணவர் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அக்கா கியரைக் குறைத்தார். இன்ஜினின் குரல் தடித்தது, ஆனால் தடுக்கவில்லை. மருந்துக் கடைக்காரர் வழக்கம் போலக் கையை மடித்துக்கொண்டு படியிறங்கினார். இறங்கியவர் முன்னாலேயே வண்டி தாண்டிப் போனது. தள்ள ஒன்றுமில்லாத கைகளோடு அவர் நடுத்தெருவில் நின்றார். அப்புறம் அந்தக் கைகளைத் தட்டத் தொடங்கினார். அவரோடு தள்ளப் பழகிய நாலு பேரும் தட்டினார்கள். கணவர் கைக்குட்டையைப் பையில் வைத்துவிட்டு, பஸ்ஸில் ஸ்டியரிங் பிடிக்கும்போது போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். ஒரு பயணியாவது பார்க்க மாட்டாரா என்று இரண்டு பக்கமும் தேடினார்.

தெருவிலேயே செங்குத்தான இடம் மருந்துக் கடைக்கு மேலே, தண்ணீர்த் தொட்டியருகே இருக்கிறது. அதுவரை வண்டி ஒருநாளும் தன் காலால் வந்ததில்லை. அங்கே போனதும் அக்கா ஓரம் கட்டினார். ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார்.

"ஏம்மா! ஏம்மா, என்னம்மா பண்ற! நல்லாத்தானே போயிக்கிட்டிருந்துச்சு!" கணவருக்குக் குரலே மாறிவிட்டது. மேட்டில் நின்றால் சாவி கைமாறும் என்பது பேச்சு. சாட்சியே அவர்தான்.

பின்னால் பிரேக் அலறியது. கொழுந்தன் குதித்து ஓடி வந்தார். அவர் முகத்தில் வெற்றி இல்லை. நிஜமாகவே வருத்தம்தான் இருந்தது. "போச்சா, அண்ணி?"

"போகல தம்பி. நான்தான் நிறுத்தினேன்."

"ஏன்?"

"ஏறுறப்ப எல்லாந்தான் ஏறும். சூட்டோட நின்னு, நின்ன இடத்துலருந்து கிளம்புதான்னு பாக்க வேணாமா?"

சூடான இன்ஜின், செங்குத்தான மேடு, பின்னால் வரிசையாக நிற்கும் வண்டிகள். கணவர் கண்ணை மூடிக்கொண்டார். அக்கா சாவியைத் தொட்டார் என்றுதான் சொல்ல வேண்டும், திருப்பியதாகச் சொல்ல முடியாது. இன்ஜின் உடனே எழுந்து நின்றது.

கொழுந்தன் இன்னும் ஜன்னலருகே நின்றுகொண்டிருந்தார். பின்னால் யாரோ பொறுமையிழந்து ஹாரன் அடித்தார்கள். சீட் கவர் அக்கா கண்ணாடியில் அந்த வரிசையை ஒருமுறை பார்த்தார். அவசரமே படாமல் கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, அவசரமிருப்பவர்கள் தாண்டிப் போகலாம் என்று அசைத்தார்.